அழுத்தாத பட்டன்

போன எபிசோட் வெளியானதும் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே மாதிரிதான் இருந்தது. "ஒரு வேலையில இருந்துகிட்டே சோஷியல் மீடியாவை கரியரா எடுக்க எப்படித் தயாராகறது?" எபிசோட்ல அதை ரெண்டு நிமிஷத்துல தாண்டிட்டோம். தாண்டினதுக்குக் காரணம் நான்தான். மைக் முன்னாடி சொல்லக் கூச்சமா இருந்தது. எழுதறது கொஞ்சம் சுலபம்.

2023 அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை காலை. சுகர் லேண்ட்ல எங்க வீட்டு டைனிங் டேபிள்ல லேப்டாப் திறந்திருக்கு. பக்கத்துல எங்க தெருவிலயே வளர்ந்த ஒரு பொண்ணு. அப்ப அவளுக்குப் பதினேழு வயசு. என் சேனலுக்கு தம்ப்நெயில் பண்ணிக் கொடுக்கறது அவதான். கூலி, என் மனைவி சுடற முறுக்கு. யூடியூப் ஸ்டுடியோவுல "எர்ன்" பக்கத்துல ரெண்டு கோடும் முழுசா நிரம்பி இருந்தது. 1,000 சப்ஸ்க்ரைபர், கடைசி 12 மாசத்துல 4,000 மணி நேரப் பார்வை. கீழே நீல நிறத்துல "அப்ளை நவ்".

"அங்கிள், க்ளிக் பண்ணுங்க!"

நான் பண்ணல. இன்னிக்கு வரைக்கும் பண்ணல. ஏன்னு அவகிட்ட அன்னிக்குச் சொன்னப்போ, அவ நம்பல. "ஆனா அது உங்க வீடியோதானே?"ன்னு கேட்டா. இங்க பொறந்த உங்கள்ல நிறையப் பேருக்கும் இதே கேள்வி வரும்னு நினைக்கறேன். உங்க வீட்டுல சித்தப்பாவோ, அத்தை பையனோ, புதுசாக் கல்யாணமாகி வந்த அண்ணியோ விசாவுல இருந்தா, அவங்க ஏன் சில விஷயத்துல இப்படித் தயங்கறாங்கன்னு புரிய இது உதவலாம்.

முதல்ல சேனலைப் பத்தி. 2021-ல ஆரம்பிச்சேன். டேட்டாபேஸ் விஷயங்களைத் தமிழ்ல சொல்றது. இன்டெக்ஸ்னா என்ன, ஒரு க்வெரி ஏன் ஊர்ந்து போகுது, டெட்லாக் எப்படி உருவாகுது, இந்த மாதிரி. நான் படிச்சது ஊர்ப்பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில. கிளாஸ்ல புரியாததை ராத்திரி ஹாஸ்டல்ல தமிழ்ல பேசித்தான் புரிஞ்சுக்குவோம். அந்த ஹாஸ்டல் பேச்சைத்தான் கேமரா முன்னாடி பேசறேன். பாக்கறவங்க பெரும்பாலும் கோயம்புத்தூர், திருநெல்வேலிப் பக்கம் கடைசி வருஷம் படிக்கற பசங்க.

ரெக்கார்டிங் நடக்கறது வாக்-இன் க்ளோசெட்ல. டெக்சஸ் வீடுகள்ல சென்ட்ரல் ஏசி சத்தம் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும். நம்ம காதுக்குத் தெரியாது, மைக்குக்கு நல்லாத் தெரியும். அதனால ஏசியை அணைச்சுட்டு, மனைவியோட பட்டுப் புடவைகளுக்கு நடுவுல நின்னு பேசுவேன். எதிரொலியை உறிஞ்சறதுல காஞ்சிபுரத்தை அடிச்சுக்க ஸ்டுடியோ ஃபோமே கிடையாது. ஆகஸ்ட் மாசம் பத்து நிமிஷத்துக்கு மேல பேசினா சட்டை நனைஞ்சுடும். என் வீடியோ எல்லாம் ஏன் ஒன்பது நிமிஷம்னு கேக்கறவங்களுக்கு, இதுதான் காரணம். அல்காரிதம் இல்லை.

சரி, பட்டன்.

நான் எச்-1பி. அந்த விசா ஆளுக்குக் கொடுக்கற வேலை அனுமதி இல்லை. ஒரு குறிப்பிட்ட முதலாளிகிட்ட, ஒரு குறிப்பிட்ட வேலைக்கு. பேங்க் வட்டி வாங்கலாம், பங்கு வாங்கி வைக்கலாம், வீட்டை வாடகைக்கு விடலாம், ஏன்னா அதெல்லாம் சும்மா இருந்தாலும் வர்ற பணம். உழைச்சு வாங்கற பணம் வேற எங்கிருந்தும் வரக்கூடாது. வந்தா அது அனுமதியில்லாத வேலை. நாளைக்கு க்ரீன் கார்டு மேஜையில அந்தக் கேள்வி வந்து நிக்கும்.

யூடியூப்புக்குன்னு தனியா ஒரு விதி கிடையாது. அதனாலதான் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. "விளம்பரப் பணம் ராயல்டி மாதிரி, பரவாயில்லை"ன்னு ஒருத்தர். "வாராவாரம் உக்காந்து ரெக்கார்ட் பண்றியே, அது எப்படி சும்மா வர்ற பணம்?"ன்னு இன்னொருத்தர். நான் காசு கொடுத்துக் கேட்ட வக்கீல் ரெண்டாவது கட்சி. பொழுதுபோக்கா வீடியோ போடறது பிரச்சினை இல்லை, அதுக்குப் பணம் வர ஆரம்பிச்சா என்னால உன்னைக் காப்பாத்தறேன்னு உறுதி சொல்ல முடியாதுன்னார்.

குறுக்கு வழிகளையும் கேட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஊர்ல இருக்கற மச்சான் அக்கவுன்ட்டுக்குப் பணம் போனா? பணம் எங்க போகுதுங்கறது கேள்வி இல்லை, உழைக்கற உடம்பு எந்த நாட்டுல இருக்குங்கறதுதான் கேள்வின்னார். மனைவி பேர்ல? அவங்க எச்-4. 2015 மே மாசத்துல இருந்து எச்-4-ல சிலருக்கு வேலை அனுமதி அட்டை கிடைக்குது. அது இருந்தா சொந்தத் தொழில்கூடப் பண்ணலாம். என் மனைவிகிட்ட அந்த அட்டை இருக்கு. ஆனா அவங்க ஒரே வரில முடிச்சுட்டாங்க. "பேர் என்னுது, பேசறது நீங்க. யாரு நம்புவா?"

இதுல வயிறு எரியற விஷயம் ஒண்ணு இருக்கு. 2020 நவம்பர்ல யூடியூப் தன் விதிமுறையை மாத்தினாங்க. பார்ட்னர் ப்ரோக்ராம்ல இல்லாத சேனல்லயும் அவங்க விளம்பரம் போடலாம், அந்தப் பணத்துல சேனல்காரருக்குப் பங்கு கிடையாது. பார்ட்னரா இருந்திருந்தா நீள வீடியோவுல 55 சதவீதம் எனக்கு வரும், ஷார்ட்ஸ்னா 45. இப்ப என் டெட்லாக் வீடியோவுக்கு முன்னாடி யாரோ கோச்சிங் சென்டர் விளம்பரம் ஓடுது, அந்தப் பணம் முழுக்க கூகுளுக்கு. இன்னொரு பக்கம், ஊர்ல சமையல் சேனல் வச்சிருக்கற என் மச்சான் அமெரிக்காவுக்கு வரி கட்டறான். 2021-ல இருந்து வெளிநாட்டு கிரியேட்டர்கள்கிட்ட, அமெரிக்காவுல இருந்து வர்ற பார்வைக்கான வருமானத்துல மட்டும் கூகுள் வரி பிடிக்குது. இந்தியாவோட இருக்கற ஒப்பந்தப்படி 15 சதவீதம். இங்க இருக்கற மாமிகள் அவன் வத்தக்குழம்பைப் பாக்கறதால அவன் வாஷிங்டனுக்கு வரி கட்டறான். சுகர் லேண்ட்ல இருக்கற எனக்கு அதுக்குக்கூடக் கொடுப்பினை இல்லை.

இந்த இடத்துல ஒரு கதை சொல்லணும். சல்மான் கான். நடிகர் இல்லை, கான் அகாடமி ஆரம்பிச்சவர். லூசியானாவுல பொறந்தவர், அப்பா பங்களாதேஷ் பக்கம், அம்மா இந்தியா. அதாவது உங்களை மாதிரி ரெண்டாம் தலைமுறை. ஒரு ஹெட்ஜ் ஃபண்ட்ல அனலிஸ்ட்டா வேலை. 2004-ல நியூ ஆர்லியன்ஸ்ல இருந்த கசின் பொண்ணுக்குக் கணக்கு சொல்லித்தர ஆரம்பிச்சார், அவர் பாஸ்டன்ல இருந்துகிட்டு. அப்புறம் மத்த சொந்தக்காரப் பசங்களும் கேட்க, 2006-ல யூடியூப்ல போட்டார். வேலையை விட்டது 2009-ல. நடுவுல மூணு வருஷம் வேலையும் பார்த்தார், க்ளோசெட்ல உக்காந்து வீடியோவும் பண்ணார். ஆமாம், அவரும் க்ளோசெட்தான்! வேலையை விட்டப்புறம் பல மாசம் சேமிப்புலதான் குடும்பம் ஓடுச்சு, பெரிய நன்கொடை வந்தது 2010-லதான்.

இந்தக் கதையை எல்லாரும் "ரிஸ்க் எடுத்தார், ஜெயிச்சார்"னு சொல்வாங்க. எனக்குப் பிடிச்சது அந்த மூணு வருஷம். வேலை வாடகையைக் கட்டிச்சு, அதனால வீடியோ தன் வேகத்துல வளர முடிஞ்சது. சம்பளம் நின்ன அன்னிக்கு அவருக்குச் சேமிப்புதான் கவலை. அதே இடத்துல எனக்குன்னா சேமிப்பு ரெண்டாவது கவலை.

முதல் கவலை என்னன்னு 2024 பிப்ரவரில தெரிஞ்சுகிட்டேன். நான் கான்ட்ராக்டர். ஒரு கன்சல்டிங் கம்பெனி என் விசாவை வச்சிருக்கும், நடுவுல ஒரு வெண்டர், கடைசில க்ளையன்ட். வெள்ளிக்கிழமை மதியம் மூணு மணிக்கு வழக்கமான மீட்டிங்னு நினைச்சு உள்ள போனேன். பட்ஜெட் குறைச்சாச்சு. நாலு மணிக்கு லேப்டாப் லாக். அடுத்த வாரமே கன்சல்டிங் கம்பெனியும் வேற இடம் இல்லைன்னு கையை விரிச்சுட்டாங்க. அன்னியில இருந்து 60 நாள். அதுக்குள்ள இன்னொரு கம்பெனி எனக்காக மனு போடணும், இல்லைன்னா கிளம்பணும். மகன் ஸ்கூல், கார் லோன், வீட்டு லீஸ், எல்லாத்தையும் அந்த 60-க்குள்ள அடுக்கிப் பாத்தேன், எதுவும் அடங்கல.

அந்த நாட்கள்ல சேனலுக்கு நேரம் கொட்டிக் கிடந்தது. வாரத்துக்கு மூணு வீடியோ போட்டேன். சம்பாதிக்கத்தான் முடியாது, சொல்லிக்கொடுக்கத் தடையில்லையே. முப்பத்தொன்பதாவது நாள் ஒரு மெசேஜ். என் வீடியோ பாத்து இன்டர்வியூவுக்குத் தயாரானேன்னு முன்னாடி ஒரு தம்பி எழுதியிருந்தான். அவன் இப்ப சென்னையில வேலை பாக்கற கம்பெனிக்கு ஹூஸ்டன்லயும் டீம் இருக்காம். "அண்ணா, உங்க க்வெரி ட்யூனிங் சீரிஸ் லிங்க்கை எங்க மேனேஜருக்கு அனுப்பட்டுமா?" மேனேஜர் ஆந்திராக்காரர், தமிழ் அரைகுறை. ஸ்க்ரீன்ல ஓடின எக்ஸிக்யூஷன் ப்ளானைப் பாத்துட்டே கூப்பிட்டார். ஐம்பத்தோராவது நாள் மனு போட்டாங்க.

மூணு வருஷத்துல சேனல் எனக்கு ஒரு டாலர் தரல. ஆனா அந்த ஒரு மெசேஜ் இல்லைன்னா இந்த நியூஸ்லெட்டரை நான் சுகர் லேண்ட்ல இருந்து எழுதிட்டு இருக்க மாட்டேன்.

இப்ப கேள்விக்கு வருவோம், எப்படித் தயாராகறது. நீங்க இங்க பொறந்தவங்களா இருந்தா விசாக் கவலை இல்லை, ஆனா வேற ஒண்ணு இருக்கு. வேலையில சேரும்போது கையெழுத்துப் போடற காகிதம். அதுல "இன்வென்ஷன் அசைன்மென்ட்"னு ஒரு பத்தி இருக்கும். நீங்க உருவாக்கறது கம்பெனிக்குச் சொந்தம்னு சொல்ற பத்தி. கலிஃபோர்னியாவுல லேபர் கோட் 2870 உங்களைக் கொஞ்சம் காப்பாத்தும்: சொந்த நேரத்துல, கம்பெனி சாமான் எதையும் தொடாம உருவாக்கினது, கம்பெனி தொழிலுக்குச் சம்பந்தமில்லைன்னா உங்களுது. நியூ ஜெர்சில 2018-ல அதே மாதிரி ஒரு சட்டம் வந்தது, நியூயார்க்ல 2023-ல. டெக்சஸ்ல அப்படி ஒண்ணு இல்லை. இங்க காகிதத்துல என்ன இருக்கோ அதுதான். பே ஏரியாவுல இருக்கற ஃப்ரெண்ட் "அதெல்லாம் ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொன்னா, அது அவனுக்குச் சரி. ஆஸ்டின்ல இருக்கற உங்களுக்கு இல்லை. கையெழுத்துக்கு முன்னாடி "என் சேனல் இதுல சேராது"ன்னு ஒரு வரி எழுதி வாங்குங்க. கேட்டா பெரும்பாலும் ஹெச்ஆர் தருவாங்க. கேட்காம விட்டுட்டு அப்புறம் முழிக்கறவங்கதான் அதிகம். கம்பெனி லேப்டாப்ல எடிட் பண்ணவே பண்ணாதீங்க, அவசரத்துக்குக்கூட.

அப்புறம் வரி. எங்க தெருப் பொண்ணு இப்ப ஹூஸ்டன்ல காலேஜ். அவளே ஒரு சேனல் ஆரம்பிச்சுட்டா, ரெண்டு மொழியும் கலந்து, பழைய கேமராக்களைப் பத்தி. பட்டனை அழுத்தினா, முதல் 100 டாலர் சேர்ந்ததும் பணம் வந்தது, கூகுள் அதுக்குக் கீழே இருந்தா அனுப்பாது. சந்தோஷத்துல லென்ஸ் வாங்கிட்டா. சொந்தத் தொழில்ல நிகர வருமானம் வருஷத்துக்கு 400 டாலர் தொட்டாலே வரிக் கணக்குக் காட்டணும், 15.3 சதவீதம் தனியா செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் டாக்ஸ்னு ஒண்ணு இருக்குன்னு அவளுக்கும் தெரியாது, இருபத்தஞ்சு வருஷமா சம்பளத்துல மட்டுமே இருக்கற அவ அப்பாவுக்கும் தெரியாது. ஏப்ரல்ல எங்க வீட்டு டைனிங் டேபிள்ல உக்காந்து லென்ஸ் ரசீதைத் தேடினோம். எந்தப் பணம் வந்தாலும் கால்வாசியைத் தனி அக்கவுன்ட்ல போட்டுடுங்க, ரசீதைப் படம் பிடிச்சு வைங்க. இதுக்கு மேல நான் சொன்னா வக்கீல் வேலைக்கும் எனக்கு அனுமதி இல்லைன்னு ஆயிடும்.

ஒரே இடத்தை நம்பாம இருக்கறதும் தயாரிப்புதான். 2020 ஜூன் 29 ராத்திரி இந்தியா 59 செயலிகளைத் தடை பண்ணுச்சு, அதுல டிக்டாக்கும் ஒண்ணு. தமிழ்நாட்டுல டிக்டாக்ல மட்டும் இருந்த எத்தனையோ பேர் காலையில எழுந்தா மேடையே இல்லை. உடன்குடி ஜி.பி. முத்து தப்பிச்சார். யூடியூப்ல வந்து உக்காந்து, ஜனங்க அனுப்பின கடுதாசியைப் பிரிச்சுப் படிச்சார். சிரிக்காதீங்க, இதைவிட நல்ல பேக்கப் எனக்குத் தெரியாது. டிக்டாக் போச்சு, ஆனா ஜனங்களுக்கு அவர் விலாசம் தெரிஞ்சிருந்தது. இந்த நியூஸ்லெட்டர் உங்க இன்பாக்ஸுக்கு வர்றதுக்கும் அதுதான் காரணம்.

இன்னொரு சின்ன விஷயம். உங்கள்ல சிலர் அப்பா அம்மாவோட "அமெரிக்கா வ்லாக்"ல காஸ்ட்கோ வண்டியில உக்காந்து வளர்ந்தவங்க. இல்லினாய்ல 2024 ஜூலையில இருந்து 16 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வச்சு சம்பாதிச்சா ஒரு பங்கு அவங்க பேர்ல ஒதுக்கணும்னு சட்டம், கலிஃபோர்னியாவுல 2025 ஜனவரில இருந்து இதே மாதிரி ஒண்ணு. பழைய பாக்கியை வசூல் பண்ண முடியாது, தங்கச்சிக்காகக் கேட்டு வைக்கலாம்.

சொல்ல வேண்டாம்னு நினைச்ச பகுதி இதுதான். 2025 டிசம்பர் 15-ல இருந்து எச்-1பி, எச்-4 விசாவுக்கு விண்ணப்பிக்கற எல்லாருடைய சோஷியல் மீடியாவையும் பாப்போம், ப்ரொஃபைலைப் பப்ளிக்கா வைங்கன்னு அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவிச்சது. இந்தியாவுல பல பேருடைய அப்பாயின்மென்ட் மாசக்கணக்குல தள்ளிப்போச்சு. ஊருக்குப் போன சிலர் திரும்ப முடியாம அங்கயே மாட்டிகிட்டாங்க. எனக்கு பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் முடிஞ்சு போச்சு. தை மாசம் அப்பாவுக்கு எழுபது, திருக்கடையூர்ல பீமரத சாந்தி. போனா ஸ்டாம்ப் வாங்கித்தான் திரும்பணும்.

அன்னிக்கு ராத்திரி என் 160-சொச்சம் வீடியோவையும் ஒரு அதிகாரி கண்ணால பாத்தேன். இன்டெக்ஸ், ஜாயின், டெட்லாக், ஒண்ணுமில்லை. ஆனா ஒரு வீடியோ இருந்தது. வேலை போன அந்த 60 நாள்ல எடுத்தது. கான்ட்ராக்டரை பெஞ்ச்ல உக்கார வைக்கறது எப்படி நடக்குது, சம்பளத்துல எத்தனை கை பங்கு எடுக்குது, பேர் சொல்லாம பதினொரு நிமிஷம். என் சேனல்ல பத்து நிமிஷத்தைத் தாண்டின ஒரே வீடியோ. கமென்ட்ல நூத்துக்கணக்கான பேர் தன் கதையை எழுதியிருந்தாங்க. அதுல தப்பா எதுவும் இல்லை. எல்லாம் உண்மை. ராத்திரி ஒரு மணிக்கு அதை அழிச்சேன். கமென்ட்டும் சேர்ந்து போச்சு. காலையில மனைவிகிட்ட சொன்னப்போ, "அழிச்சா மட்டும் போகப் போறீங்களா?"ன்னு கேட்டாங்க.

போகல. அப்பாவோட எழுபதாம் கல்யாணத்தை சுகர் லேண்ட்ல ராத்திரி முழுக்க முழிச்சு ஃபோன்ல பாத்தேன். மச்சான்தான் கேமரா பிடிச்சான். சமையல் சேனல்காரன் இல்லையா, கலச நீர் ஊத்தற இடத்துல க்ளோஸ்-அப் நல்லாவே எடுத்தான்.

அந்த வீடியோவோட ஃபைல் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. எப்ப திரும்பப் போடுவேன்னு தெரியல. க்ரீன் கார்டு வரிசையில என் தேதி 2018. இந்தியர்களுக்கான இபி-2 வரிசை 2025 கடைசியிலும் 2013-லயே நின்னுட்டு இருந்தது. தேதி வந்து மனுவோட ஒரு வேலை அனுமதி அட்டை கைக்கு வந்தா, அன்னிக்கு நீலப் பட்டனையும் அழுத்தலாம். அதுவரைக்கும் வீடியோ சேரட்டும். இப்ப 9,400 பேர் இருக்காங்க.

எங்க தெருப் பொண்ணு அடுத்த எபிசோட்ல வர்றா. காலேஜ்ல ஃபார்மஸி, க்ளோசெட்ல கேமரா, வீட்டுல தினம் பஞ்சாயத்து. அவ அப்பாவும் வர்றேன்னு சொல்லியிருக்கார், மைக்கை யாரு முதல்ல பிடிக்கறதுன்னுதான் இன்னும் முடிவாகல. கேள்வி இருந்தா வியாழக்கிழமைக்குள்ள இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. அப்பாகிட்ட கேக்க வேண்டியதைத் தனியா எழுதுங்க, மரியாதையா.